சொந்தமாகத் தமிழ் லெட்டரிங் பழகுகிறேன், முதல் மூன்று வேலைகளும் சரியாக வரவில்லை. விட்டுவிடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். யாரிடமும் போகாமல் யூடியூப் பார்த்தே இரண்டு வருடமாகத் தமிழ் எழுத்து வரையப் பழகுகிறீர்கள். பகலில் மருந்துக்கடை வேலை, இரவு பத்து மணிக்கு மேல்தான் நோட்டைத் திறக்க முடிகிறது. இதுவரை மூன்று வேலைகள் வந்திருக்கின்றன. டீக்கடை போர்டுக்கு வரைந்ததைக் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நண்பரின் குறும்படத் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள், பள்ளி ஆண்டு மலருக்குச் செய்த அட்டை மட்டும் அச்சாகி வந்தது, ஆனால் ஒரு மாதம் கழித்து அதை எடுத்துப் பார்க்க உங்களுக்கே பிடிக்கவில்லை. போதாததற்கு ஒருவர் "இதுக்கு ஃபாண்டே போட்டிருக்கலாம்" என்று கமென்ட் போட்டிருக்கிறார். ஏதாவது கோர்ஸில் சேரலாமா, இல்லை இது நமக்கு வராது என்று விட்டுவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். கோர்ஸைப் பற்றிக் கேட்பது போல இருந்தாலும் நீங்கள் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. இப்படித் தோற்பது எல்லோருக்கும் நடக்கிறதா, இல்லை எனக்கு மட்டும் வரவில்லையா, அதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் எழுதுகிறேன். கோர்ஸுக்கு அப்புறம் வருகிறேன்.

நானும் யாரிடமும் உட்கார்ந்து படித்தவன் இல்லை. 2006இல் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராக, அதாவது கணினியில் எழுத்து அடித்துப் பக்கம் அமைப்பவனாகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர் அடியில் வரும் கடைப் பெயர், இவற்றையெல்லாம் கோரல் டிராவில் அடித்துக் கொடுப்பது வேலை. இருக்கிற நாலைந்து ஃபாண்டையே திருப்பித் திருப்பிப் போட்டு அலுத்துப்போய், 2008 வாக்கில் தலைப்பை மட்டும் கையால் வரைந்து ஸ்கேன் செய்து வைக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு அதுவே முழுநேரத் தொழில், புத்தக அட்டைகள்தான் அதிகம். ஆனால் டிடிபி நாற்காலியிலிருந்து எழுந்து வர ஒன்பது வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் ஓவியம் படித்தவர்களோடு பல வருடம் சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. இங்கெல்லாம் நமக்குக் கிடைக்காத ஏதோ ரகசியப் பாடம் நடக்கிறது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களிடமே கேட்டுப் பார்த்த பிறகு புரிந்தது, அங்கே கிடைக்கிற பெரிய விஷயம் ஒரு விரல். காலையில் நீங்கள் போட்ட கோட்டின் மேல் மாலைக்குள் ஒருவர் வந்து விரலை வைத்து, "இந்த இடம் சரியில்லை" என்று காட்டிவிட்டுப் போவார். மறுநாள் அந்தத் தவறோடு நீங்கள் உட்கார வேண்டியதில்லை. நமக்கு அந்த விரல் கிடையாது. மார்ச்சில் செய்த தவறு ஜூலையில் அச்சாகி வந்த பிறகு, யாரோ முகம் சுளித்த பிறகு தெரிகிறது, பல சமயம் அப்போதும் எது தவறு என்று தெரிவதில்லை, ஏதோ தவறு என்பது மட்டும் தெரிகிறது. சொந்தமாகக் கற்பவரை அதிகம் வருத்துவது இந்த இடைப்பட்ட மாதங்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. செய்த நாளுக்கும் தெரிய வரும் நாளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எப்படியாவது குறைக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டிய வேலை என்று நான் சொல்ல வருவது முழுக்க இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்கான வழிகள்.

என்னுடைய முதல் புத்தக அட்டையைச் சொல்கிறேன். 2009, ஒரு கவிதைத் தொகுப்பு, 500 பிரதி. தலைப்பில் "மரநிழல்" என்ற சொல் இருந்தது. பத்து நாள் இரவுகளில் வரைந்தேன். புத்தகம் வந்த அன்று கவிஞர் அதைத் தன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கையில் வாங்கி, "மாநிழல்" என்று சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அப்புறம் வாங்கியவர்களில் பலரும் அப்படித்தான் வாசித்தார்கள். கவிஞர் என்னிடம் கோபப்படவில்லை, ஆனால் அடுத்த புத்தகத்துக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், "எனக்கு எழுத்து வராது" என்பது. எட்டு மாதம் பென்சிலைத் தொடவில்லை. ஒரு நாள் அச்சகத்தில் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோதுதான், ர-வின் அடியில் சாய்வாக ஒரு சின்னக் கால் இருப்பதையும், அழகாக இருக்கட்டும் என்று நான் அதை வெட்டி நேராக்கிவிட்டதையும் கவனித்தேன். அந்தக் கால் போனால் ர என்பது வெறும் துணைக்கால் ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடே இருக்காது, மெய்க்குப் புள்ளியும் இருக்காது, பதிப்பித்தவர்கள் இடம் பார்த்து ஊகித்து வாசிக்க வேண்டியிருந்தது. அச்சு வந்த பிறகு நமக்கு நிலைத்த ஒரு வசதியை நான் தெரியாமல் பறித்திருக்கிறேன். தவறின் அளவு அரை சென்டிமீட்டர் கோடு. அது இன்னதென்று தெரியாமல் இருந்த எட்டு மாதமும் அது என்னைப் பற்றிய தீர்ப்பாக இருந்தது. தெரிந்த அன்று மாலையே சரிசெய்துவிட்டேன்.

உங்கள் மூன்றாவது அட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறீர்கள். அச்சுக்குக் கொடுத்த அன்று பிடித்திருந்தது, ஒரு மாதத்தில் பிடிக்கவில்லை. தாளில் எதுவும் மாறவில்லை, உங்கள் கண் மாறியிருக்கிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பிடிக்காமல் போவது கற்றல் நடக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறிதான், ஆனால் அது மட்டும் போதாது. "பிடிக்கவில்லை" என்பதை "ண-வின் மூன்றாவது சுழி அடைபட்டிருக்கிறது" என்று மாற்றிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாதவரை அந்த வருத்தத்தால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அந்த விரலை எப்படி நாமே உண்டாக்கிக்கொள்வது? எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அவருக்கே தெரியாமல், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணன். ஃப்ளெக்ஸ் வந்து அவருக்கு வேலை குறைந்துகொண்டே போன காலம் அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று பார்ப்பேன். சுவரில் நூல் அடித்துக் கோடு போட்டு, சாக்பீஸால் எழுத்துக்கு இடம் பிரித்து, பிளாட் பிரஷ்ஷை எடுத்து மூன்று எழுத்து முடிப்பார். முடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். திரும்பி வந்து அடுத்த மூன்று. ஒரு நாள் கேட்டேன், எதுக்கு அண்ணே இவ்வளவு நடக்கிறீங்க என்று. "முழுசா எழுதிட்டுப் பார்த்தா முழுசா அழிக்கணும் தம்பி" என்றார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குப் பாடம் சொன்னதில்லை. ரோடு கடப்பதற்கு ஈடாக நான் என்னென்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் நிலையிலேயே, மை போடுவதற்கு முன்னால், ஃபோனில் படம் எடுத்து கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பேன். தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். அப்போது மூளை வார்த்தையை வாசிக்காது, வடிவத்தை மட்டும் பார்க்கும், சாய்ந்த கோடும் பெருத்த சுழியும் உடனே கண்ணில் குத்தும். அப்புறம், தலைப்பு என்ன என்று தெரியாத ஒருவரிடம் இரண்டு நொடி காட்டிவிட்டு மறைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பேன். "நல்லா இருக்கா" என்று கேட்கவே மாட்டேன், நம் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் நல்லா இல்லை என்று சொல்வதில்லை. வாசிக்கச் சொன்னால் பொய் சொல்ல வழியில்லை. அந்தக் கவிஞரின் அம்மாவுக்கு அச்சாவதற்கு முன்னால் காட்டியிருந்தால் எனக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். உங்கள் மருந்துக்கடையில் நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், டாக்டர் கையெழுத்தையே வாசித்துப் பழகிய சக ஊழியர்கள் இருக்கிறார்கள். இந்த வசதி எனக்கு இருந்ததில்லை.

இப்போது எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படங்களைப் பார்க்கவில்லை, அதனால் இது ஊகம்தான், ஆனால் யூடியூபில் கற்கிற பெரும்பாலானவர்களிடம் நான் பார்க்கிற ஒரே தவறு, ஆங்கில எழுத்துக்கான பாடத்தைத் தமிழின் மேல் அப்படியே போர்த்துவது. பிரஷ் பேனா வீடியோக்கள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்லும்: கீழே வரும் கோடு தடிமன், மேலே போகும் கோடு மெல்லிசு. ரோமன் எழுத்து பட்டை முனைப் பேனாவில் வளர்ந்தது, அந்தப் பேனாவே தடிமனையும் மெலிவையும் கொடுத்தது. நம் எழுத்து பல நூற்றாண்டுகள் ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. எழுத்தாணி கீறும் கோடு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தடிமன். தமிழில் தடிமன் வேறுபாடு வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அச்சு எழுத்துகளில் ரொம்ப காலமாக வைத்துத்தான் வருகிறார்கள். ஆனால் எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று பேனா உங்களுக்காக முடிவு செய்யாது, ஒவ்வொரு எழுத்துக்கும் நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும். ன-வில் இரண்டு சுழி, ண-வில் மூன்று. கீழே வரும் கோட்டையெல்லாம் தடிமனாக்கினால் ண உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு கட்டியாக நிற்கும், பக்கத்தில் இருக்கும் ட வெறிச்சென்று இருக்கும்.

ட-வைச் சொன்னதும் இடைவெளி நினைவுக்கு வருகிறது, இதைப் பற்றி நான் எவ்வளவு நேரமும் பேசுவேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் அளவுகோலால் அளந்து சமமாக இடம் விட்டால் கண்ணுக்குச் சமமாக இருக்காது. ட-வின் வலது மேல்பக்கம் முழுக்கக் காலி, ப-வின் மேல்பக்கம் திறந்தே இருக்கிறது, ம ஓரளவு மூடியது, ண நிறைந்தது. "பட்டணம்" என்று எழுதிப் பாருங்கள். முதல் பாதி ஓட்டையாகவும் பின்பாதி நெரிசலாகவும் தெரியும். ட-வை அடுத்த எழுத்தோடு நெருக்க வேண்டும், ண-வுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். அதேபோல ல மாதிரி வளைந்த அடி உள்ள எழுத்தை ட, ப போன்ற தட்டை அடி எழுத்தோடு சரியாக ஒரே கோட்டில் நிறுத்தினால், ல கொஞ்சம் தூக்கி நிற்பது போலத் தெரியும். அதன் வளைவைக் கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறக்கினால்தான் கண் அதைச் சமம் என்று ஒப்புக்கொள்ளும். இரண்டு வரித் தலைப்பு என்றால் மேல் வரியின் ழு, ஞ, று இவற்றின் வாலும் கீழ் வரியின் கி, மீ இவற்றின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். இந்தப் பிரச்சினை ஆங்கில வீடியோவில் இவ்வளவு தூரம் வராது, அதனால் அதில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இவையெல்லாம் திறமையோடு சம்பந்தப்பட்டவை இல்லை, தெரிந்துகொண்டால் தீர்கிற விஷயங்கள். உங்கள் மூன்று வேலைகளில் பாதித் தவறுகள் இந்த ரகம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எழுத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் அச்சு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதல் தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டி அனுப்பினார்கள், அவை 1713இல் வந்து சேர்ந்தன. தமிழ் எழுதுகிறவர்களை அருகில் வைத்துக்கொள்ளாமல் செய்த வேலை, எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்தன, தாள் விழுங்கின. பிறகு இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. முதல் எழுத்துகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. தாளில் அழுத்திப் பார்த்த பிறகுதான் அளவு தெரிந்தது. கடல் கடந்து வர வேண்டியிருந்ததால் அவர்களுக்கு அது தெரிய ரொம்ப நாள் ஆனது, அவ்வளவுதான்.

பார்த்து வரைவதைப் பற்றி உங்களுக்குத் தயக்கம் இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது, "காப்பி அடிக்காமல் சொந்த ஸ்டைல் கொண்டுவர முயற்சிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது வருடத்தில் இது வேண்டாம் என்பேன். வின்சென்ட் வான் கோவை எல்லோரும் தானாகக் கற்றவர் என்று சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான், 1880இல் 27 வயதில்தான் ஓவியனாவது என்று முடிவெடுத்தார். ஆனால் முடிவெடுத்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சார்ல் பார்க் என்பவர் தொகுத்த வரைதல் பாடத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தது. பத்து வருடம் கழித்து, 1890இல், கடைசி மாதங்களில், தம்பி தியோவுக்கு எழுதி அதே பார்க் பாடங்களை மறுபடி கேட்கிறார். நடுவில் ஹேக் நகரில் உறவினரான ஓவியர் அன்டன் மாவ் என்பவரிடம் கொஞ்ச நாள் கற்றார். 1885இல் "உருளைக்கிழங்கு உண்பவர்கள்" என்ற ஓவியத்தை வரைந்து அதன் கல்லச்சுப் பிரதியை நண்பர் வான் ராப்பார்டுக்கு அனுப்பியபோது, அவர் கடுமையாகக் குறை சொல்லி எழுதினார், அதோடு அந்த நட்பில் விரிசல் விழுந்தது. அந்தக் குறையை அவர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது இருக்கட்டும், எனக்கு முக்கியம் வேறு: சொந்தமாகக் கற்ற அந்த மனிதர் தன்னைச் சுற்றி விரல்களை ஏற்பாடு செய்துகொண்டே இருந்தார். பார்த்து வரைந்தால் உங்கள் தாளுக்கும் மூலத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கே, அந்த இடத்திலேயே தெரிகிறது. சொந்தமாகக் கற்பவருக்கு இதைவிட வேகமாகத் தவறைக் காட்டுகிற பயிற்சி எனக்குத் தெரியாது. பார்த்து வரைந்ததை உங்கள் பெயரில் விற்காதீர்கள், அது மட்டும்தான் கட்டுப்பாடு.

எதைப் பார்த்து வரைவது என்றால், 1978க்கு முன்னால் அச்சான தமிழ்ப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வருடம்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்னால் லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல மேலே சுழித்திருக்கும், றா, னா, ணா சேர்த்து எழுதப்பட்டிருக்கும். அவற்றை இன்று பயன்படுத்தச் சொல்லவில்லை, கை அந்தச் சுழிப்பைப் பழகினால் வளைவு எங்கே தொடங்கி எங்கே இளைக்க வேண்டும் என்று தானாகவே பிடிபடும். ஓவியர் ஆதிமூலம் (1938-2008) சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். அவர் சென்னைக் கல்லூரியில் படித்தவர்தான். அந்தக் கோடு எவ்வளவு தைரியமாக இருக்கிறது என்பதற்காகப் பாருங்கள். கணினியில் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திறந்து ஒரு எழுத்தின் கோட்டில் எத்தனை புள்ளிகள் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நாம் ஸ்கேன் செய்து, அதைக் கணினியே கோடாக மாற்றும்படி ட்ரேஸ் போட்டால் ஒரு க-வுக்கு நூறு புள்ளி விழும், கோடு நடுங்கும். அவர்கள் வளைவின் உச்சிகளில் மட்டும் வைத்து, குறைந்த புள்ளிகளில் முடித்திருப்பார்கள். ஒரு மாதம் இதை மட்டும் செய்தாலே உங்கள் கணினி வேலை மாறிவிடும், இதை நிச்சயமாகச் சொல்வேன்.

சரி, டீக்கடை போர்டு. நிராகரிக்கப்பட்ட வேலையையும் மோசமான வேலையையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எனக்கு ஒரு மிட்டாய்க்கடைக்காரர் கிடைத்தார், மூன்று முறை வரைந்து கொடுத்தும் வேண்டாம் என்றார். எனக்கு ரொம்பப் பிடித்த மெல்லிய எழுத்து அது. அவருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டிப் போனபோதுதான் புரிந்தது, அந்தப் பலகையைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஓடுகிற பஸ்ஸில் இருந்துதான் பார்க்கிறார்கள். மெல்லிய எழுத்து அந்த வெயிலில் கரைந்துபோகும். அவர் சரியாகத்தான் சொன்னார், அவருக்குக் காரணத்தை என் மொழியில் சொல்லத் தெரியவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து பென்சிலை எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவேன்: எங்கே மாட்டப்போகிறீர்கள், எத்தனை அடி, யார் எங்கிருந்து பார்ப்பார்கள், கூட வேறு என்ன எழுத வேண்டும். முதல் மாதிரியை மெருகேற்றாமல் பென்சிலிலேயே காட்டுவேன். பாதிப் பணம் முன்கூட்டி வாங்குவேன், இரண்டு திருத்தம் வரை செய்து தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் டீக்கடைக்காரரிடம் இப்போதும் போய் ஒரு டீ குடித்துவிட்டு, வருத்தம் எதுவும் காட்டாமல், அண்ணே அதில் என்ன பிடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். குறும்படத் தலைப்பு மாற்றியதற்கு உங்கள் எழுத்துதான் காரணமா என்பதே சந்தேகம். கடைசி நேரத்தில் படத்தின் பெயரே மாறுவது உண்டு. விசாரிக்காமல் அதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள்.

எவ்வளவு நேரம் பழக வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள், பத்தாயிரம் மணி நேரம் பழகினால் தேர்ச்சி வரும் என்ற கணக்கைக் குறிப்பிட்டு. அந்த எண்ணுக்கு மூலம், 1993இல் உளவியலாளர் எரிக்சனும் இரண்டு சகாக்களும் பெர்லினில் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களிடம் செய்த ஆய்வு. மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்பது கண்டுபிடிப்பு. அது சராசரி, தாண்டினால் தேர்ச்சி என்கிற கோடு இல்லை. முக்கியமாக, அந்த மாணவர்களுக்கு எதைப் பழக வேண்டும் என்று சொல்ல ஆசிரியர் இருந்தார்கள். நாம் தவறையே பத்தாயிரம் மணி நேரம் பழகினால் தவறுதான் உறுதியாகும். உங்களுக்கு இரவில் கிடைக்கிற முக்கால் மணி நேரம் போதும் என்பது என் அனுபவம். அதில் அரை மணி வரையவும் கால் மணி நேற்று வரைந்ததைச் சிவப்புப் பேனாவோடு பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள், ஒன்றையும் கிழிக்காதீர்கள். நான் முதல் இரண்டு வருடத் தாள்களைக் கோபத்தில் கிழித்துப்போட்டேன், எந்தத் தவறு எப்போது போனது என்று பார்க்க இன்றைக்கு என்னிடம் எதுவும் இல்லை.

கோர்ஸுக்கு வருகிறேன். நாலு வருடப் பட்டப்படிப்பு உங்கள் நிலையில் இப்போது நடக்காது. வார இறுதிப் பட்டறை, ஆன்லைன் வகுப்பு என்றால் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: சொல்லித்தருகிறவர் உங்கள் தாளை எடுத்துப் பார்த்துத் திருத்துவாரா? திருத்துவார் என்றால் தாராளமாகச் சேருங்கள், நீங்கள் விலை கொடுத்து வாங்குவது அந்த விரலைத்தான். பதிவு செய்த வீடியோவை மட்டும் தருவார்கள் என்றால் உங்களிடம் ஏற்கெனவே யூடியூப் இருக்கிறது. வேலையை விடுவது பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். எனக்குக் குடும்பச் செலவு குறைவாக இருந்தது, அச்சகத்திலேயே வாடிக்கையாளர் கிடைத்தார்கள், அப்படியும் ஒன்பது வருடம். உங்கள் ஊரும் வீட்டு நிலையும் எனக்குத் தெரியாது.

கடைசியாக, வராதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு நான் நம்புகிற ஒரு சோதனை இருக்கிறது. எத்தனை முறை தோற்றீர்கள் என்று எண்ணாதீர்கள், தவறுகள் அதேதானா வேறா என்று பாருங்கள். உங்கள் மூன்று வேலைகளையும் ஒரே அளவில் பிரின்ட் எடுத்து சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள், ஒவ்வொன்றிலும் கண்ணை உறுத்தும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். முதல் வேலையில் இருந்த வட்டம் மூன்றாவதில் இல்லாமல், புதிதாக வேறு இடத்தில் வட்டம் விழுந்தால் நீங்கள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள், அதன் வேகம் உங்களுக்குத் திருப்தியா இல்லையா என்பது தனி விஷயம். அதே வட்டம் மூன்றிலும் இருந்தால், அப்போதும் வராது என்று முடிவு கட்ட வேண்டாம், அந்த ஓர் இடத்தை யாராவது வந்து காட்டித்தர வேண்டும் என்று அர்த்தம். இரண்டு வருடம் இப்படி வட்டமிட்டுத் திருத்தியும் அதே இடத்திலேயே நின்றால், அப்போது யோசிக்கலாம். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் அந்த நிலைக்கு வருவதற்கு முன்னாலேயே, வட்டம் போட்டுப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஆண்டு மலர் அட்டையை, பென்சில் தாள் இருந்தால் அதையும் சேர்த்து, இங்கேயே படமாகப் போடுங்கள். நீங்கள் எங்கே வட்டமிட்டீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டாம். நான் தனியாக என் வட்டங்களைப் போட்டு அனுப்புகிறேன், இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்ப்போம். ஞாயிறு மாலை எனக்கு நேரம் இருக்கும்.